மீனின் தலை இடப்பக்கம்

கவாசாகி
20 நவம்பர் 1966

கினுவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? கூரைக்கு முட்டுக் கொடுக்க உன் தம்பி வந்தானா? பனி கனத்த பிறகு வந்து பிரயோசனமில்லை என்று அவனிடம் சொல்.

விடுதியில் ஒரு அறைக்கு எட்டுப் பேர். எல்லோரும் நம்மைப்போல அறுப்பை முடித்துவிட்டு, வயலைப் பனிக்கு விட்டுவிட்டு வந்தவர்கள். தொழிற்சாலையில் எனக்கு இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ்ஸில் வேலை. தகட்டை வைக்க வேண்டும், மிதிக்க வேண்டும், எடுக்க வேண்டும். மாட்டுக்குக்கூடச் சொல்லிக்கொடுத்துவிடலாம். சோறுதான் தொண்டையில் இறங்கவில்லை. நம் வயல் அரிசியைத் தின்ற வாய்க்கு இது பெரிய தண்டனை.

ரயிலடியில் நீ ஏன் வாயே திறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு கமேஸோவை நினைத்துக்கொண்டிருந்தாய். நான் கமேஸோ இல்லை கினு. ஒரு ஏற்பாடு சொல்கிறேன். ஞாயிறு எனக்கு விடுமுறை. துறைமுகத்து அலைதடுப்புச் சுவர் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. மாதம் ஒரு மீனாவது பிடித்து, மை தடவி அச்செடுத்து உனக்கு அனுப்புகிறேன். மீன் வந்தால் நான் நலம். ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே இருந்தேன் என்பதற்கும் அதுவே சாட்சி.

முதல் மீனை இத்துடன் வைத்திருக்கிறேன். கொடுவா. நாள், இடம், நீளம், பிடித்தவன் பெயர், நேரில் கண்டவர் பெயர் எல்லாம் ஊரில் எழுதுவதுபோலவே எழுதியிருக்கிறேன். விதைநெல் ஊறப்போடுவதற்குள் வீட்டில் இருப்பேன்.

குளிரில் வெறுங்காலோடு கிணற்றடிக்குப் போகாதே.

தொகுஜி

*

யுரா
6 டிசம்பர் 1966

என் வீட்டுக்காரருக்கு, கினு எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். முட்டுக் கொடுத்தாயிற்று. அத்தையின் முழங்காலும் அதன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது, அதாவது வலிக்கிறது. அங்கே உங்களுக்கு இருமல் இல்லையே?

கொடுவாவை அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அத்தை பார்த்துவிட்டு, "என்னடி இது, சூப்புல உப்பு தூக்கலா இருந்தா நான் பாக்குற மாதிரியே பாக்குது?" என்றார். கண்ணை நீங்கள்தான் வரைந்தீர்கள், எனக்கென்ன தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

தலை ஒழுங்காக இடப்பக்கம் இருக்கிறது. அதைப் பார்த்ததும் நமக்குக் கல்யாணமான வருஷம் நினைவுக்கு வந்து தனியாகச் சிரித்தேன். அந்தப் பெரிய குரோதாய் மீன், கரேலென்று, முதுகு முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு. தூண்டில் முள்ளைக் கழற்றும்போது உங்கள் வலது உள்ளங்கையில் கட்டைவிரலுக்கு அடியில் ஏற்றிக்கொண்டீர்கள். நான் மருந்து தேடிய நேரத்தில் பூனை மீனின் வலப்பக்கத்தைக் குதறிவிட்டது. மறுபக்கத்தை அச்செடுத்தால் தலை வலப்பக்கம் போய்விடும், வழக்கப்படி தலை இடப்பக்கம் இல்லாத அச்சைத் தூண்டில் கடைக்காரர் சுவரில் மாட்டமாட்டார். ஐயா என்ன செய்தீர்கள்? மெல்லிய தாளில் மை பின்னால் ஊறித் தெரியும்படி கனமாக இழுத்து, காய்ந்ததும் தாளையே பின்புறமாகத் திருப்பி ஒட்டிக் கொடுத்துவிட்டீர்கள். இன்றைக்கும் அந்த மீன் கடைச்சுவரில் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. திருட்டுப் பயல் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மிட்ஸு அக்கா நேற்று வந்து கொடுவாவை வெகுநேரம் பார்த்தாள். அவள் வீட்டுக்காரர் கமேஸோ பட்டணத்துக்குப் போய் இது நான்காவது பனிக்காலம். அங்கே ஒரு குளியல் விடுதிக்காரியோடு இருக்கிறாராம். அக்கா இன்னும் அவர் சோற்றுக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள். என்னால் அதெல்லாம் ஆகாது, இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் கிண்ணத்தை உடைத்துவிடுவேன்.

புத்தாண்டுக்கு வந்துவிடுங்கள். காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள்.

கினு

*

கவாசாகி
28 டிசம்பர் 1966

கினுவுக்கு,

அம்மாவும் நீயும் நலம்தானே. நான் நலம். எனக்கு ஒன்றுமில்லை.

புத்தாண்டுக்கு வர முடியாது. வேலை அதிகம். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

இத்துடன் ஒரு குரோதாய். அதே அலைதடுப்புச் சுவர். நேரில் கண்டவர் சுகிஹாரா.

குளிர் அதிகம். எனக்கு ஒன்றுமில்லை, கவலைப்படாதே.

தொகுஜி

*

யுரா
11 ஜனவரி 1967

என் வீட்டுக்காரருக்கு, கினு எழுதுவது.

புது வருஷம் உங்களுக்கு நல்லபடியாக விடியட்டும். ஒரே கடிதத்தில் இரண்டு முறை எனக்கு ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு முறை எழுதியிருந்தால் நம்பியிருப்பேன்.

அத்தை உங்கள் இடத்தில் சூப்பும் மோச்சி அரிசி உருண்டையும் வைத்தார். ஆறிப்போனதும் அவரே எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, "பட்டணத்துல வேலைன்னா புத்தாண்டுகூடக் கிடையாதா? எவன்டா அந்த முதலாளி, அவனுக்கு ஆத்தா இல்லையா?" என்று சுவரைப் பார்த்துத் திட்டினார்.

குரோதாயைக் கொடுவாவுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். ஒட்டும்போது ஒன்று கண்ணில் பட்டது. வாலுக்குச் சற்று முன்னால் மயிரிழை மாதிரி வெள்ளைக்கோடு ஒன்று குறுக்கே ஓடுகிறது. செவுள் ஓரத்திலும் ஒன்று. மை படாத இடம். நான் மீன்கூடை தூக்கினவள் பெற்ற பெண். ரத்தம் வடிய அந்த இரண்டு இடத்திலும் கத்தி வைப்பது சந்தைக்காரர்கள் வழக்கம். நம் ஊரில் அச்செடுக்காமல் எவனாவது மீனில் கத்தி வைப்பானா?

நான் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் குரோதாய் எந்த இரைக்கு மாட்டியது என்று மட்டும் எழுதுங்கள். சுகிஹாரா என்பவர் யார் என்றும் எழுதுங்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

கினு

*

கவாசாகி
30 ஜனவரி 1967

கினுவுக்கு,

நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் அப்படியே.

இரை, இறால். மீனைக் கட்டித் தூக்கிவந்த கயிறு அறுத்த கோடாக இருக்கும் அது. சுகிஹாரா என் அறைக்காரர், கடிகாரம் பழுது பார்க்கிறவர். நல்ல மனிதர். எந்நேரமும் வாயடித்துக்கொண்டே இருப்பார்.

ஒரு விஷயம். வசந்தத்தில் நான் வருவது தள்ளிப்போகலாம். நாற்றங்காலுக்கு உன் தம்பியை அழைத்துக்கொள். நடவுக்கும் அவனையே வைத்துக்கொள்வது நல்லது. என் தூண்டில் கழியை அவன் கேட்டுக்கொண்டே இருந்தானே, கொடுத்துவிடு. சும்மா கிடந்தால் பூச்சி அரிக்கும்.

கொடுவா ஒன்று வைத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

தொகுஜி

*

யுரா
9 பிப்ரவரி 1967

என் வீட்டுக்காரருக்கு, கினு எழுதுவது.

நாங்கள் சுகமா என்று கேட்டிருந்தீர்கள். அத்தை சுகம். நான் சுகமாக இல்லை.

கழியைக் கொடுத்துவிடச் சொல்கிறீர்கள். பத்து வருஷம் புகையில் வாட்டி, நிமிர்த்தி, என்னைக்கூடத் தொடவிடாமல் வைத்திருந்த கழி. ஒரே மூங்கில், ஒட்டு இல்லாதது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட கழி. திரும்பி வருகிற ஆம்பிளை அதைக் கொடுத்துவிடு என்று எழுதுவானா? நான் என்ன சின்னப் பிள்ளையா?

கடிதம் படித்த கையோடு மூன்று மீனையும் சுவரிலிருந்து உரித்தேன். தாள் கதவின் வெளிச்சத்தில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். தாளை மீனின் மேல் வைத்து விரலால் தேய்க்கும்போது ஈரத்தில் விரலின் தடம் பின்னால் நிற்கும் அல்லவா? நவம்பர் மீனின் தாள் முதுகில் நிற்பது உங்கள் விரல். கட்டை கட்டையாக, மண்வெட்டிப் பிடி மாதிரி. மற்ற இரண்டிலும் உங்கள் விரல் ஒன்றுகூட இல்லை. மெல்லிசான, நீளமான விரல். செதில் செதிலாக, பொறுமையாக ஒற்றி எடுத்த விரல். கண்ணை மட்டும் நீங்கள் வரைந்திருக்கிறீர்கள்.

மீன் சந்தையில் வாங்கினது. தேய்த்தது வேறொருத்தி. ஞாயிற்றுக்கிழமைக்கு நீங்களே சொன்ன சாட்சி இது.

மிட்ஸு அக்காவிடம் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. "பொம்பள விரலேதான்டி" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு, "அழுதுடாத. அழுதா அப்புறம் நிக்காது, நான் அனுபவிச்சவ" என்று என் தலையைத் தடவினாள். நான் அழவில்லை. வயிறுதான் எரிகிறது.

எனக்கு இனி மீன் வேண்டாம். உங்கள் இரண்டு உள்ளங்கையிலும் மை தடவி, தாளில் பதித்து அனுப்புங்கள். விரலை விரலோடு வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். விளக்கம் ஒரு வரிகூட எழுத வேண்டாம், கயிறு அறுத்தது போதும்.

கினு

*

யுரா
1 மார்ச் 1967

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் உடம்பு எப்படி என்று கேட்பதா வேண்டாமா என்றே தெரியவில்லை. கேட்கிறேன். எப்படி இருக்கிறீர்கள்?

தபால்காரரைப் பார்க்கத் தெருமுனைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். வராதபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார், அது எனக்குப் பொறுக்கவில்லை. கூரையில் பனி உருக ஆரம்பித்துவிட்டது. அத்தை கேட்டார்: "அவன் எப்ப வர்றான்னு எழுதிருக்கான்?" எழுதியிருக்கிறார், வருவார் என்றேன். உங்களுக்காக நான் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் கிண்ணத்தைக் கையில் எடுத்தேன். உடைக்க மனம் வரவில்லை. அதற்கு என் மேலேயே எனக்குக் கோபமாக வருகிறது.

இரண்டு கை. அவ்வளவுதான் கேட்டேன்.

கினு

*

கவாசாகி
8 மார்ச் 1967

கினுவுக்கு,

தாமதத்தைப் பொறுத்துக்கொள். நான் நலம். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

நீ கேட்டது இத்துடன். வலது கை, இடது கை. இரண்டும் என்னுடையவைதான், ஒப்பிட்டுப் பார்த்துக்கொள். எனக்கு எந்தப் பெண்ணும் இல்லை. வேறெதையும் கேட்காதே.

தொகுஜி

*

யுரா
13 மார்ச் 1967

தாளைப் பிரித்ததும் முதலில் எனக்கு நிம்மதி வந்தது. இது உங்கள் கைதான். அடுப்படியில் உட்கார்ந்து வலது கை அச்சின்மேல் என் கையை வைத்துக்கொண்டேன். கட்டைவிரலுக்கு அடியில் தூண்டில் முள் ஏறிய தழும்பு, வெள்ளையாக, கொக்கி மாதிரி. அதைத் தடவிப் பார்த்தேன்.

பிறகு இடது கை அச்சைப் பார்த்தேன். அதிலும் கட்டைவிரலுக்கு அடியில் அதே தழும்பு.

ஓரத்தைத் தண்ணீர் தொட்டு உரித்தேன். மெல்லிய தாள். மை பின்பக்கத்தில் இருக்கிறது, கல்யாண வருஷத்துக் குரோதாயைப் போலவே.

நான் அழவில்லை என்று எழுதினேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அத்தை ஓடிவந்து, "என்னடி ஆச்சு, எவடி அவ? சொல்லு, நானே போயி மயிரப் புடிச்சு இழுத்துட்டு வர்றேன்!" என்கிறார்.

உங்கள் இடது கை எங்கே?

கினு

*

கவாசாகி
19 மார்ச் 1967

கினு,

நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று தாளை ஒட்டும்போதே தெரியும். தெரிந்தும் ஒட்டினேன். நலமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

டிசம்பர் நடுவில், இராப் பாளி வேலை முடிகிற நேரம். தகடு கோணலாக நின்றது, இடது கையால் தள்ளிவிட்டேன், கால் அதற்குள் மிதித்துவிட்டது. மாட்டுக்குக்கூடச் சொல்லிக்கொடுக்கலாம் என்று எழுதினேன் அல்லவா? கட்டைவிரல் இருக்கிறது. மற்ற நான்கும் இல்லை. புண் ஆறாமல் திரும்பத் திரும்ப வெட்டினார்கள். அன்றிலிருந்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறேன். உன் கடிதங்களை விடுதியிலிருந்து மேஸ்திரி கொண்டுவந்து கொடுப்பார்.

சுகிஹாரா பக்கத்துக் கட்டில்காரர். காலில் மாவுக்கட்டு. கடிகாரக்காரர் கை என்பதால் விரல் அப்படி இருக்கிறது. சமையல்கட்டுக்கு வரும் மீனில் ஒன்றைக் கெஞ்சி வாங்குவோம். ஒரு கையால் தாளைப் பிடிக்கவும் தேய்க்கவும் முடியவில்லை. மீன் நழுவுகிறது, தாள் சுருங்குகிறது. அவர்தான் ஒற்றிக் கொடுப்பார். நான் கண் வரைவேன். உன் பிப்ரவரிக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். "அடப்பாவி மனுஷா, என்னையப் பொம்பளையாக்கிட்டீங்களே! உண்மைய எழுதித் தொலைங்க, இல்லன்னா நானே எழுதிருவேன்" என்று கத்தினார். நர்ஸ் வந்து எங்கள் இருவரையும் திட்டினாள்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். அந்தக் கழியை ஒரு கையால் நிறுத்த முடியாது. நாற்றுக்கட்டை இடது கையில் பிடிக்காமல் நட முடியாது. எதற்கும் ஆகாதவனைத் திரும்ப அனுப்பினால் நீ வைத்துக்கொள்வாய், உன்னை எனக்குத் தெரியும். அதுதான் பயம். நீ வாழ்நாள் பூராவும் எனக்குச் சேர்த்து இரண்டு ஆள் வேலை செய்வாய். கமேஸோ மாதிரி ஓடிப்போனவனாக இருந்தால் கோபப்பட்டுவிட்டு மறந்துவிடுவாய் என்று சில நாள் தோன்றியது. ஒரு பெண் இருக்கிறாள் என்று நீ நினைத்தபோது அப்படியே விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். முடியவில்லை. நீ என்னை அப்படி நினைப்பது எனக்குத் தாங்கவில்லை.

அம்மாவிடம் சொல்லாதே.

தொகுஜி

*

யுரா
27 மார்ச் 1967

என் வீட்டுக்காரருக்கு, கினு எழுதுவது.

இங்கே நானும் அத்தையும் சுகம். கை வலிக்கிறதா? வலித்தால் வலிக்கிறது என்று எழுத வேண்டும். அதற்குத்தான் கடிதம்.

அத்தையிடம் சொல்லிவிட்டேன். உங்கள் பேச்சைக் கேட்டு நான் நடந்தது போதும். அவர், "கட்டைவெரல் இருக்குல்ல?" என்றார். இருக்கிறது என்றேன். "அப்ப கிண்ணம் பிடிப்பான்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய் அழுதார். நானும் கூடப்போய் அழுதேன். உங்களைத் திட்டிக்கொண்டேதான் அழுதோம், தெரிந்துகொள்ளுங்கள். மூன்று மாதம்! நான் அங்கே ஒருத்தியைக் கற்பனை செய்து, அவளுக்கு முகம் வைத்து, கிமோனோ உடுத்திவிடாத குறையாக அலங்காரம் பண்ணி வயிறெரிந்துகொண்டிருக்கிறேன். நீங்கள் ஒரு மாவுக்கட்டுக்காரரோடு மீன் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மிட்ஸு அக்காவிடமும் சொன்னேன். "கை போனாலும் ஆள் ஒன்னோடதுதான்டி" என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன்.

கழியைத் தம்பிக்குக் கொடுக்கவில்லை. நான் எடுத்துக்கொண்டு போனேன். இடது கையை இடுப்புப் பட்டைக்குள் சேர்த்துக் கட்டிக்கொண்டு நம் பாறையில் போய் உட்கார்ந்தேன். ஊர் பார்த்தது, பார்க்கட்டும். உங்கள் கழி எருமை கனம். கையால் நிறுத்த முடியாது என்பது உண்மைதான். அடியை அக்குளில் இடுக்கி, பாறைப் பிளவில் முட்டுக் கொடுத்தால் நிற்கிறது. முதல் நாள் இரையை நண்டு தின்றுவிட்டுப் போனது. இரண்டாம் நாள் ஒரு பொடி மீன், என் உள்ளங்கை அகலம். அத்தை கரையில் நின்று, "விட்றாத! விட்றாதடி!" என்று கத்திய கத்தலில் அதுவே பயந்து ஏறியிருக்கும்.

கட்டை அவிழ்க்காமலேதான் அச்செடுத்தேன். மீனை உமி நிரப்பிய தட்டில் பதித்து வைத்தால் நழுவாது. தாளின் ஒரு பக்கத்தில் கல் வைத்து, மறுபக்கத்தைப் பல்லால் கடித்துக்கொண்டேன். முகமெல்லாம் மை. மூன்று தாள் கிழிந்தது, நான்காவது தேறியது. இத்துடன் வைத்திருக்கிறேன். சிரிக்கக் கூடாது. வால் இரண்டு தெரியும், மீனுக்கு ஒரு வால்தான். பிடித்தவள் கினு. நேரில் கண்டவர் உங்கள் அம்மா, முத்திரை வைத்திருக்கிறார். கண் எனக்கு வராது. அதை நீங்கள் வந்து போடுங்கள்.

அவசரத்தில் எந்தப் பக்கம் மை தடவுகிறோம் என்று பார்க்கவில்லை. தலை வலப்பக்கம் திரும்பிவிட்டது. அத்தை, "தூண்டில் கடைக்காரன் பாத்தா சிரிப்பான்" என்றார். சிரிக்கட்டும். நான் தாளைத் திருப்பி ஒட்டவில்லை. இனி நீங்களும் திருப்பக் கூடாது.

வெள்ளிக்கிழமை ரயிலேறுகிறேன். சுகிஹாராவுக்குக் கொஞ்சம் நம் அரிசி கொண்டுவருகிறேன், பொம்பளையாக்கியதற்கு மன்னிப்பும் கேட்க வேண்டும். டாக்டர் விடமாட்டேன் என்றால் விடும்வரை அங்கேயே இருப்பேன். விதைநெல்லைத் தம்பி பார்த்துக்கொள்வான். நடவுக்கு நாற்றுக்கட்டை உங்கள் இடுப்பில் கட்டிவிடுகிறேன், என் இடுப்பில் கட்டிப் பார்த்துவிட்டேன், முடிகிறது.

ஸ்டேஷனுக்கு வர விட்டால் வந்து நில்லுங்கள். கையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு நிற்காதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும். திரும்பும்போது மூட்டையை வலது கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் நான் நடந்து வருகிறேன்.

கினு